விடாத பற்கள்

லைட்ஹவுஸ் குப்பத்தில் வினோதினியின் வீட்டு வாசலில் அந்த மில்லிங் மெஷின் வந்து இறங்கியபோது, மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மார்பு உயரம்தான் இருக்கும், ஆனால் முழுக்க இரும்பு. கயிறு கட்டி, மூங்கில் கொடுத்து, படகை மேட்டுக்கு ஏற்றுகிற அதே கூச்சலோடு ஆண்கள் அதை முன்னறைக்குள் தள்ளிக்கொண்டு போய் வைத்தார்கள். அறையில் பாதி போய்விட்டது.

"இத்த வெச்சி இன்னாமே பண்ணப்போற?" என்று கேட்டாள் மாமியார் கஸ்தூரியம்மாள். "வலை வைக்கவே எடம் இல்ல."

"வேலை பண்ணப்போறேன் அத்தே. வூட்லயே."

மாமியார் உள்ளே பாயில் படுத்திருந்த மகனை எட்டிப் பார்த்துவிட்டு மீன் காய்கிற இடத்துக்குத் திரும்பிப் போனாள். வலை வைக்க இடமில்லை என்று சொன்னாளே தவிர, அந்த வீட்டில் வலை எடுக்க இனி ஆளில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

வினோதினி மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தால் அதன்படி தானே நகர்ந்து தானே இரும்பை வெட்டுகிற மெஷின். கல்யாணம் ஆகிக் குப்பத்துக்கு வந்த பிறகும் விடிவதற்குள் பஸ் ஏறிப் பொன்னேரி போய், அங்கே ரயில் பிடித்து வேலைக்குப் போய்விடுவாள். அவள் கணவன் இளவழகன் கடலுக்குப் போவான். இரண்டு பேரும் வெவ்வேறு நேரத்தில் கிளம்பி வெவ்வேறு நேரத்தில் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சேர்ந்து உட்கார்ந்து நண்டு உடைத்துத் தின்பார்கள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

போன மழைக்காலத்தில் அது முடிந்தது. ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் மண் மேடிட்டு, அலை எங்கிருந்து எழும்பும் என்று சொல்ல முடியாமல் இருந்த ஒரு காலை. இளவழகனும் அவன் கூட்டாளி தங்கவேலும் ஃபைபர் படகில் வெளியே போனார்கள். ஓர் அலை படகின் முனையை மேலே தூக்கியது. அடுத்தது பின்பக்கத்தைத் தூக்கியது. தண்ணீரைவிட்டு மேலே வந்த எஞ்சின் காற்றில் வெறுமனே சுற்றி அலறியது. அந்த அலறலோடு அது இளவழகனின் தலைமேல் வந்து விழுந்தது. தங்கவேல் கரை திரும்பவில்லை.

இளவழகன் திரும்பினான். மண்டையில் ஆபரேஷன் நடந்து, நாளாகி, நடக்கிற அளவுக்குத் தேறினான். ஆனால் நேற்று நடந்தது நினைவிருக்காது. திடீரென்று வலிப்பு வரும். எல்லாவற்றையும்விட, சத்தம் ஆகாது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கிவிடுவான். தெருவில் யாராவது பைக்கை முறுக்கினால் எழுந்து ஓடுவான். எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் தண்ணீர்ப் பக்கம்தான் போய் நிற்பான். இந்தக் குப்பத்தில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. விசித்திரம் என்னவென்றால், அலைச் சத்தம் மட்டும் அவனை ஒன்றும் செய்யாது.

அவனை விட்டுவிட்டு வினோதினியால் கம்பெனிக்குப் போக முடியவில்லை. மாமியாரின் கருவாட்டை நம்பி மூன்று பேர் இருக்க முடியாது. அப்போதுதான் கம்பெனியில் கழித்துப் போட்டிருந்த இந்தக் கையால் ஓட்டுகிற மில்லிங் மெஷின் அவள் கண்ணில் பட்டது. கைப்பிடியைச் சுற்றி வேலை செய்தால் இரண்டு கையும் இரண்டு கண்ணும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதையே சி.என்.சி.யாக மாற்றிவிட்டால்? மெஷின் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கும். அவள் பாட்டுக்கு இளவழகனைப் பார்த்துக்கொள்ளலாம். அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் லோகநாதன், வெட்டிக் கொடுத்தால் வேலை தருவதாகச் சொன்னார். பம்புகளுக்கு மாட்டுகிற இரும்பு மூடி. நடுவில் ஒரு பள்ளம், ஓரத்தில் வாய்க்கால் போல ஒரு காடி.

கம்பெனியில் கூட வேலை பார்த்த ஆல்வின் வந்து மின்சார வேலைகளைச் செய்து கொடுத்தான். கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டார்கள் வைத்தார்கள். வெட்ட வேண்டிய இரும்பைப் பொருத்துகிற மேசையை நகர்த்துகிற இடத்தில் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான் என்று வினோதினி முதலிலேயே முடிவு செய்திருந்தாள். கியர் போட்டால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். மேசை திசை மாறும்போதெல்லாம் அந்த மயிரிழைக்கு அது சும்மா நிற்கும். வட்டம் வெட்டினால் கோணலாக வரும். அதில் அவளுக்கும் ஆல்வினுக்கும் பேச்சே இல்லை.

பேச்சு வந்தது மெஷினின் தலையைப் பற்றி. வெட்டுகிற கத்தியைப் பிடித்துச் சுற்றுகிற பாகத்துக்கு மோட்டாரின் வேகம் இரும்புக் கியர்கள் வழியாகப் போனது. கியர் என்றால் வேகம் குறையும், பலம் கூடும். எவ்வளவு கெட்டியான இரும்பானாலும் கத்தி நிற்காது.

"தலையத் தொடாத அக்கா," என்றான் ஆல்வின். "இரும்பு வெட்டணும்னா கியர்தான். பெல்ட்டு அலுமினியத்துக்கும் கட்டைக்கும் ஓகே. இரும்புல மக்கர் பண்ணும்."

"எவ்ளோ சத்தம் போடும்?"

"போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். முதலில் ஒரு முனகல். வேகம் ஏற ஏற அது கூர்மையாகி, சுவர் நான்கிலும் மோதித் திரும்பி, ஓர் ஊளையாக ஏறியது. உள்ளறையில் பாத்திரம் உருண்டது. வினோதினி சுவிட்சை அணைப்பதற்குள் இளவழகன் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தான்.

ஏரிக்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவனை, கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் இருவர் பிடித்து வைத்திருந்தார்கள். வினோதினியைப் பார்த்ததும் அவன் கேட்டான்: "தங்கவேலு எங்க வினோ? எஞ்சின் ஓடிக்கினே கீது, அவன் எங்க?"

அவள் சேலையோடு தண்ணீரில் இறங்கி அவனைக் கூட்டிவந்தாள். ஆல்வின் தன் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். 

அடுத்த சில வாரங்கள் அவள் அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டினாள். கியர்ப் பெட்டிக்குள் கெட்டியான கிரீஸை அப்பினாள். ஊளை கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. மெஷினைச் சுற்றி மரச்சட்டம் அடித்து, பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சை அதில் திணித்தாள். உள்ளே இருக்கிற வேலை தெரியவில்லை, மோட்டார் சூடேறியது. சென்னையிலிருந்து நைலான் கியர் வரவழைத்துப் போட்டாள். அது சத்தமே போடவில்லை. வினோதினிக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம். இரும்பில் முதல் வெட்டு பாதி போவதற்குள் நைலான் பற்கள் மொத்தமாக உதிர்ந்து, பெட்டியைத் திறந்தபோது வெள்ளைத் தூளாகக் கொட்டின.

பிறகு பெல்ட். பெட்டியிலிருந்து கியர்களை எல்லாம் எடுத்துவிட்டு, மோட்டாரில் ஒரு புல்லிச் சக்கரம், கத்தி சுற்றுகிற தண்டில் ஒரு புல்லி, நடுவில் பல் வைத்த பெல்ட். ஓட்டினால் மின்விசிறி ஓடுகிற சத்தம்தான். இளவழகன் முன்னறைக்கு வந்து எட்டிப் பார்த்தான். "இன்னாமே இது, தையல் மெஷினா?" என்று கேட்டான். விபத்துக்குப் பிறகு அவன் தானாக ஒன்றைப் பார்த்து என்னவென்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கம்பெனியில் கற்ற கணக்கின்படியே வெட்டினாள். பெரிய கத்தி, ஆழமான வெட்டு, சீக்கிரம் முடிகிற வழி. இரண்டு மூடி நன்றாக வந்தன. மூன்றாவதில் கத்தி இரும்புக்குள் ஆழமாக இறங்கியதும் பெல்ட் புல்லியில் பிடி விட்டுப் பல் தாவியது. கத்தி நின்றுவிட்டது. மேசைக்கு அது தெரியாது; அது பாட்டுக்கு நகர்ந்தது. டக்கென்று கத்தி உடைந்து ஒரு துண்டு சுவரில் போய்த் தெறித்தது. பெல்ட்டை இறுக்கினாள். அடுத்ததும் உடைந்தது. அகலமான பெல்ட் மாட்டினாள். இப்போது பெல்ட் தாவவில்லை, மோட்டாரே திணறி நின்றது. கெட்டுப்போன மூடிகள் மெஷினுக்கு அடியில் குவிந்தன.

தேறியதை மட்டும் சாக்கில் போட்டுக்கொண்டு அனுப்பம்பட்டுக்குப் போனாள். லோகநாதன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேலை நல்லாத்தான் இருக்குதும்மா. மீதி எங்க?"

"மெஷின் செட் ஆயிக்கினு கீது அண்ணே."

"ரெண்டு மாசமா இதையே சொல்ற. எனக்கும் மேல ஒருத்தன் கீறான். வர்ற வெள்ளிக்கிழமை மொத்தமும் வரணும். வரலன்னா மெட்டீரியல திருப்பிக் குடுத்துடு, நான் வேற எடம் பார்த்துக்கறேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவளால் அவரிடம் சண்டை போடவும் முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆல்வினுக்கு போன் செய்தாள்.

"கியரைப் போடு அக்கா," என்றான் அவன். "மாமாவை அந்த ஒரு வாரம் வேற எங்கயாச்சும் உட்கார வை. வெள்ளிக்கிழமை தாண்டட்டும். அப்புறம் யோசிக்கலாம்."

"அவர் ஓடுவாரு ஆல்வின்."

"சத்தம் கேக்காத எடத்துல இருந்தா ஏன் ஓடப்போறாரு?"

அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள். கஸ்தூரியம்மாள் வெகுநேரம் தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டே இருந்தாள். பிறகு, "என்கூடவே கூட்டிக்கினு போறேன். அலைகிட்ட உட்கார வெச்சிக்கறேன். நீ உன் வேலைய முடி," என்றாள்.

வினோதினி புல்லிகளைக் கழற்றிவிட்டு இரும்புக் கியர்களைத் திரும்ப மாட்டினாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காலையில் மாமியாரும் இளவழகனும் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கடலோரத்துக்குப் போவார்கள். அவன் அலைக்கு எதிரே மணலில் உட்கார்ந்திருப்பான். மாமியார் பக்கத்திலேயே மீன் பரப்புவாள். இங்கே வினோதினி காதுக்குக் கம்பெனியில் கொடுத்த கனமான காதுமூடியை மாட்டிக்கொண்டு மெஷினை ஓட்டினாள். கியர் இரும்பை வெண்ணெயாக வெட்டியது. மூடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் ஏறின. மத்தியானம் அவர்கள் திரும்பும்போது மெஷின் அணைந்திருக்கும். அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை அவளுக்கு வந்தது.

புதன்கிழமை முற்பகலில் சொல்லாமல் மழை வந்தது. கடலிலிருந்து ஒரே வீச்சாக அடித்த மழை. மணலில் பரப்பியிருந்த மீன் அவ்வளவும் நனைந்தால் வீணாகிவிடும். கஸ்தூரியம்மாளும் மற்றப் பெண்களும் ஓடி ஓடித் தார்ப்பாயில் அள்ளிப் போட்டார்கள். கடைசிக் கூடையை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, இளவழகன் உட்கார்ந்திருந்த இடத்தில் அவன் இல்லை. "ஏ இளா!" என்று கத்திக்கொண்டு அவள் முதலில் ஓடியது தண்ணீர்ப் பக்கம்.

அவன் வீட்டுக்குத்தான் போயிருந்தான்.

வினோதினிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கத்தி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் நிழல் அசைந்ததும் திரும்பினாள். நனைந்து சொட்டச்சொட்ட இளவழகன் நின்றிருந்தான். முகம் சாம்பலாக வெளுத்து, கண்ணெல்லாம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஆனால் ஓடவில்லை. தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து மெஷினின் தலையை நோக்கி வந்தான்.

"மாமா, வேணாம்!"

துண்டின் ஒரு முனை சுற்றுகிற தண்டைத் தொட்டது. அவ்வளவுதான். துண்டு முறுக்கிக்கொண்டு உள்ளே போனது, அதோடு அவன் வலது கையும் போனது. வினோதினி சிவப்பு பட்டனை உள்ளங்கையால் அறைந்தாள். ஊளை அடங்கியது. அப்போதுதான் அவன் அலறல் அவள் காதுமூடியைத் தாண்டிக் கேட்டது.

மெஷின் நின்றுவிட்டது. ஆனால் கையை விடவில்லை. துண்டு கயிறாக முறுக்கி, மணிக்கட்டைத் தண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. தண்டைப் பின்பக்கமாகத் திருப்பினால் முறுக்கு அவிழும். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். அசையவில்லை. உள்ளே பல்லோடு பல் கோத்துக்கொண்டு மோட்டார் வரைக்கும் எல்லாம் அவளுக்கு எதிராக நின்றது. பெல்ட்டாக இருந்தால் ஒரு விரலால் திரும்பியிருக்கும். காலைச் சுவரில் உதைத்து, உடம்பு முழுவதையும் கொடுத்துத் திருப்பினாள். இல்லை. அவன் முழங்கால் மடிந்து தொங்கத் தொடங்கினான். அவனுடைய எடையே அவன் கையை இழுத்தது.

"நில்லு மாமா, நில்லு, உழுந்துடாத!"

அவனை இடுப்போடு ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எட்டி அலமாரியில் துழாவினாள். மீன் வெட்டுகிற கத்தி கிடைத்தது. அதை முறுக்குக்கும் தோலுக்கும் நடுவே செருகி, எது துணி எது சதை என்று தெரியாமல் அறுத்தாள். ஈரத்துணி சீக்கிரம் அறுபடவில்லை. அவள் வாயில் ஏதேதோ வந்தது. கும்பிட்டாளா திட்டினாளா என்று பிறகு யோசித்தும் நினைவில்லை. கடைசி இழை அறுந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து இரும்புத் தூள்மேல் விழுந்தார்கள்.

மாமியார் வாசலில் வந்து நின்றது அப்போதுதான்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிற வழியெல்லாம் கஸ்தூரியம்மாள் மகனின் தலையை மடியில் வைத்திருந்தாள். மணிக்கட்டு எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. சுண்டுவிரல் நசுங்கிவிட்டது, எடுக்க வேண்டியதாயிற்று. மற்றதைக் காப்பாற்றிவிட்டார்கள். மறுநாள் மாவுக்கட்டோடு அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, வினோதினி அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள். மாமியார் ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"ஏன் மாமா உள்ள வந்த?" வினோதினி மெதுவாகக் கேட்டாள். அவனுக்கு நினைவிருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அந்த சத்தம் கேட்டா ஓடிடுவியே. ஏன் உள்ள வந்த?"

அவன் யோசித்தான். வாயில் இருந்த கஞ்சியை விழுங்கினான்.

"நீ உள்ள இருந்த," என்றான். "அது கத்திக்கினே கீது. நீ அதுகிட்டயே நிக்கற. மூடிட்டா உனக்குக் கேக்காதுல்ல."

வினோதினி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போனாள். கூட்டமாக இருந்தது. அழுவதற்கு இடமில்லை. மாத்திரை வாங்குகிற வரிசையில் போய் நின்று, கையில் சீட்டு இல்லாமலே முன்னால் நகர்ந்து நகர்ந்து போய், ஜன்னலுக்குள் இருந்தவர் என்ன வேண்டும் என்று கேட்டதும் பதில் சொல்லாமல் திரும்பி வந்தாள். மாமியார் வராந்தாவில் அவளுக்காகக் காத்திருந்தாள்.

"அந்த மிசினை வித்துடு," என்றாள். குரல் உயரவில்லை. "நாம பிச்சை எடுத்தாலும் சரி. வித்துடு."

"வித்துட்டு நான் கம்பெனிக்குப் போனா இவரை யார் அத்தே பார்த்துக்குவா?"

"நான் பார்த்துக்க மாட்டனா?" என்று சொல்ல வந்தவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வினோதினியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை போய்விட்டது. லோகநாதனிடமிருந்து போன் வந்தபோது நடந்ததைச் சொன்னாள். அவர் ஐயோ என்றார், கட்டுப் பிரித்த பிறகு மெட்டீரியலைக் கொண்டுவந்தால் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வினோதினி முதலில் செய்தது கியர்ப் பெட்டியைத் திறந்ததுதான். துண்டின் நூல்கள் தண்டில் இன்னும் சுற்றிக் கிடந்தன. கியர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சாக்கில் போட்டுக் கட்டினாள். மறுபடி புல்லி, மறுபடி பெல்ட். இந்தத் தடவை பெல்ட்டை இறுக்கவில்லை. ஒரு விறகுக் கட்டையின் முனையில் ஈரத்துணியைச் சுற்றி, மெஷினை ஓடவிட்டு, தூர நின்றபடி சுற்றுகிற தண்டில் கொடுத்தாள். துணி மாட்டியது, கட்டையை இழுத்தது. உடனே பெல்ட் படபடவென்று பல் தாவியது, தண்டு நின்றது. தண்டைக் கையால் பிடித்துப் பின்னால் திருப்பினாள். லேசாகத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். மறுபடி துணியைக் கொடுத்தாள். எவ்வளவு தளர்த்தினால் அது விட்டுவிடுகிறது, எவ்வளவு இறுக்கினால் விடாது என்று தெரிகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்தாள். பெல்ட்டின் இந்தப் பலவீனத்தைத்தான் இத்தனை வாரம் போராடி ஒழிக்கப் பார்த்தோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகுதான் வெட்டுகிற கணக்கை மாற்றினாள். கம்பெனியில் நேரம்தான் எல்லாம். ஆழமாக வெட்டு, சீக்கிரம் முடி. இங்கே மெஷினுக்கு அவசரம் ஒன்றுமில்லை. சின்னக் கத்தி மாட்டி, சுற்று வேகத்தைக் கூட்டி, இரும்பின் மேல் தோல் தோலாக மட்டும் சீவும்படி எழுதிக் கொடுத்தாள். கத்தி ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாகக் கடித்து, நகர்ந்து, மறுபடி கடித்தது. பெல்ட் தாவவில்லை. மோட்டார் திணறவில்லை. சத்தமும் இல்லை. ஒரு மூடி முடிவதற்கு மட்டும் பகல் முழுவதும் ஆயிற்று.

அதையும், முன்பே வெட்டி வைத்திருந்த மூடிகளையும், மீதி இரும்பையும், கியர்ச் சாக்கையும் எடுத்துக்கொண்டு அனுப்பம்பட்டுக்குப் போனாள். மாமியார் இளவழகனோடு வீட்டில் இருந்தாள்.

லோகநாதன் மூடியைத் தடவிப் பார்த்தார். "வழவழன்னு வந்திருக்குது. ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா எனக்கு ஆவாதும்மா. மீதி ஆர்டரை வேற பட்டறைக்குக் குடுத்துட்டேன்."

"தெரியும் அண்ணே. கியருல முடிச்சிருந்தா உங்களுக்கு நேரத்துக்கு வந்திருக்கும். இனிமே அத்தப் போட மாட்டேன். அத்தச் சொல்லத்தான் வந்தேன்." சாக்கை அவர் முன்னால் வைத்தாள். "இதெல்லாம் நல்ல கியரு. உங்க மெஷினுக்கு ஆவும்னா வெச்சிக்கங்க."

அவர் சாக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கை எப்படி இருக்குது அவனுக்கு?"

"கட்டுப் பிரிக்கணும்."

 அவள் ஸ்டேஷனுக்கு நடந்தாள். ரயில் வர நேரம் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, இனி என்ன செய்வது என்று யோசிக்க முயன்றாள், ஒன்றும் வரவில்லை.  வெறும் கை இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ரயில் ஒன்று நின்று போனது. அவள் ஏறவில்லை.

அடுத்த ரயில் வருவதற்குள் லோகநாதனின் பட்டறையில் வேலை செய்கிற மூர்த்தி சைக்கிளில் வந்து இறங்கினார். "மொதலாளி கூப்புடறாரும்மா," என்றார்.

திரும்பிப் போனபோது லோகநாதன் உட்காரச் சொல்லவில்லை, காரணமும் சொல்லவில்லை. "அலுமினியம் வெட்டுவியா?" என்று மட்டும் கேட்டார்.

"வெட்டுவேன் அண்ணே. அதுக்கு பெல்ட்டு நல்லாவே ஓடும்."

"கரண்டு மீட்டர் பெட்டிக்குச் சின்னச் சின்னத் தகடு. அப்பப்போ வரும், நிச்சயம்னு சொல்ல முடியாது. நிறைய இருக்காது. ஆனா அவசரம் கிடையாது."

"குடுங்க அண்ணே."

முதல் சாக்கு அலுமினியம் வீட்டுக்கு வந்த வாரத்தில் இளவழகனுக்கு இரண்டு தடவை வலிப்பு வந்தது. சுண்டுவிரல் எங்கே என்று ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டான். ஒவ்வொரு நாளும் அவள் புதிதாகச் சொன்னாள். கஸ்தூரியம்மாள் மெஷின் இருக்கிற அறைக்குள் கால் வைப்பதில்லை. பின்வாசல் வழியாகவே வந்து போனாள். வந்த வேலை மூன்று பேருக்குப் போதாது என்பதும் தெரிந்துதான் இருந்தது. வினோதினி பக்கத்துப் படகுக்காரர்களிடம் போய், வலைக்கு, எஞ்சினுக்கு, எதற்காவது சின்னச் சாமான் வெட்ட வேண்டுமா என்று கேட்டு வைத்தாள். பார்க்கலாம் என்றார்கள்.

மெஷினைச் சுற்றி இப்போது ஆள் உயரத்துக்குக் கம்பி வலை அடித்திருந்தாள். அதன் கதவு திறந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்படி ஆல்வின் வந்து இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். கியரைப் போடச் சொன்னது தான்தானே என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை; இளவழகனின் கட்டுப் போட்ட கையைப் பார்க்காமலே வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினான்.

ஒரு மத்தியானம் அவள் தகடு ஒன்றை மாட்டி மெஷினை ஓடவிட்டுவிட்டு வந்து, இளவழகனுக்குச் சோறு பிசைந்து தட்டை அவன் மடியில் வைத்தாள். அவன் இடது கையால் தின்னப் பழகிக்கொண்டிருந்தான். பாதிச் சோறு பாயில் சிந்தியது. அவள் அறை வாசலில், மெஷினும் அவனும் ஒருசேரக் கண்ணில் படுகிற இடத்தில், உட்கார்ந்துகொண்டாள். வெள்ளை வெள்ளையாக அலுமினியச் சுருள் கம்பி வலைக்குள் உதிர்ந்துகொண்டிருந்தது.

அவன் கையை நிறுத்திவிட்டு முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பினான். வினோதினி அவன் பின்னால் ஓடுவதற்குத் தயாராக ஒரு காலை ஊன்றிக்கொண்டாள்.

"வினோ," என்றான். "அது ஓடுதா?"

"ஓடுது மாமா."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். பிறகு குனிந்து, சிந்திய சோற்றை இடது கையால் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தட்டில் போடத் தொடங்கினான்.